நாய்க்கு ஹீட் தள்ளிப்போனால்: ஆறு மாசக் கணக்கும் அதற்கு அப்பாலும்

பெண் நாய்க்கு ஹீட் எப்போது வரும் என்று யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை." குட்டி விற்கிறவர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், இணையமும் அதையே சொல்லும். அப்புறம் நம்ம வீட்டு நாய்க்கு எட்டு மாசம் ஆகியும் வரவில்லை என்றால் கவலை. நாலு மாசத்திலேயே வந்துவிட்டால் அதைவிடக் கவலை. ஒரு வாரம் வந்து நின்றுபோய், அடுத்த மாசமே மறுபடி வந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெண் நாய் உண்டு. பெயர் செவலை. கன்னி இனமும் தெருநாயும் கலந்த பிறவி. அவளுக்காகப் படிக்க ஆரம்பித்துச் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. புத்தகங்களில் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இவ்வளவும் படித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: ஹீட் முன்னே பின்னே வருவது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம். ஆபத்து பெரும்பாலும் ஹீட் முடிந்த பிறகு வரும் இரண்டு மாதத்தில் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ரத்தமோ கசிவோ தென்பட்டால், அதையும் "ஒழுங்கில்லாத ஹீட்" என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அங்கேதான் நாய் செத்துப்போகிறது. இது ஏன் என்று புரிய, நாயின் உடம்பு போடும் கணக்கை முதலில் பார்த்துவிடலாம.

அந்த ரத்தம் மாதவிடாய் இல்லை

பெண்களுக்கு வரும் மாதவிடாயும் நாய்க்கு வரும் உதிரமும் ஒன்று என்று நினைப்பது இயல்பு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, இரண்டுமே குறிப்பிட்ட இடைவெளியில் வருகிறது. ஆனால் நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ்.

மனிதர்களில் முட்டை வெளிவந்து, கரு தங்காமல் போனபின், கருப்பையின் உள்சுவர் உரிந்து வெளியேறும். அதாவது ரத்தம் கடைசியில் வருகிறது. நாயில் ரத்தம் முதலில் வருகிறது. சினைப்பையில் முட்டைகள் வளர ஆரம்பிக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும். அந்த ஈஸ்ட்ரோஜனால் கருப்பைச் சுவர் தடித்து, அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிகின்றன. சுவர் எதுவும் உரிவதில்லை. "முட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது, இன்னும் வரவில்லை" என்பதன் அடையாளம்தான் அந்த ரத்தம்.

"ரத்தம் நின்னுடுச்சு, இனி பயமில்லை" என்று நாயை அவிழ்த்துவிடுகிறவர்கள் வீட்டில் இரண்டு மாசம் கழித்துக் குட்டி இருப்பதற்குக் காரணம் இதுதான். ரத்தம் வெளுத்து நிற்கும் சமயத்தில்தான் நாய் சினைபிடிக்கத் தயாராகிறது.

நாலு கட்டம்

நாயின் சுழற்சியை நான்காகப் பிரிக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் புரோஈஸ்ட்ரஸ், ஈஸ்ட்ரஸ், டைஈஸ்ட்ரஸ், அன்ஈஸ்ட்ரஸ் என்று இருக்கும். நம் வசதிக்கு முன்பருவம், பருவம், பின்பருவம், ஓய்வு என்று வைத்துக்கொள்வோம்.

முன்பருவம் சராசரியாக 9 நாள். பிறப்புறுப்பு வீங்கும், ரத்தக் கசிவு இருக்கும், ஆண் நாய்கள் வாசலில் வந்து உட்காரும். ஆனால் பெண் நாய் கிட்டே சேர்க்காது. உறுமும், உட்கார்ந்துகொள்ளும். இந்த 9 நாள் என்பது வெறும் சராசரி. 3 நாளில் முடியும் நாயும் உண்டு, 3 வாரம் இழுக்கும் நாயும் உண்டு.

அடுத்தது பருவம். இதுவும் சராசரியாக 9 நாள், இதுவும் 3 நாளிலிருந்து 3 வாரம் வரை போகலாம். கசிவு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். முதுகின் பின்பக்கம் தொட்டால் வாலை ஒரு பக்கமாகத் தூக்கி ஒதுக்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கி, புரோஜெஸ்ட்ரோன் ஏற ஆரம்பிக்கும் நேரம் இது. எல்.ஹெச் என்ற ஹார்மோன் ஒரே வீச்சாக உயர்ந்து, அதிலிருந்து சுமார் 2 நாளில் முட்டைகள் வெளிவருகின்றன. அதிலும் ஒரு விசேஷம்: நாயின் முட்டை பக்குவப்படாமலேயே வெளியே வரும். கருத்தரிக்கத் தயாராக இன்னும் 2, 3 நாள் வேண்டும். ஆண் நாயின் விந்தணு பெண் நாயின் உடம்பில் ஒரு வாரம்வரைகூட உயிரோடு இருக்கும் என்பதால் இந்தத் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை.

மூன்றாவது பின்பருவம். நாயைத் தனி உயிராக்குவது இந்தக் கட்டம்தான். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு, புரோஜெஸ்ட்ரோனை சுமார் இரண்டு மாதம் சுரந்துகொண்டே இருக்கும். நாய் சினையாக இருந்தாலும் சரி, ஆண் நாயையே பார்க்காமல் இருந்தாலும் சரி. மாடு, குதிரை, மனிதர் என்று பல உயிர்களில் கரு தங்கவில்லை என்றால் உடம்பு அதைக் கண்டுகொண்டு இந்த ஹார்மோனை நிறுத்திவிடும். நாயின் உடம்புக்கு அந்தச் செய்தி போவதில்லை. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் அது ஒரு முழுச் சினைக்காலத்தை ஹார்மோன் அளவில் வாழ்ந்து முடிக்கிறது. முட்டை வெளிவந்து 63 நாளில் குட்டி பிறக்கும் என்பதும், இந்த இரண்டு மாதக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை.

சினையாகாத நாய் ஹீட் முடிந்து ஒன்றரை, இரண்டு மாசத்தில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மூலையில் படுப்பது, துணியைக் கூட்டிக் கூடு கட்டுவது, மடியில் பால் கட்டுவது எல்லாம் இதனால்தான். பொய்ச்சினை என்பார்கள். புரோஜெஸ்ட்ரோன் இறங்கும்போது புரோலாக்டின் ஏறுவதால் வருவது. பெரும்பாலும் தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். பாலைப் பிழிந்துவிட்டால் இன்னும் சுரக்கும் என்பதால் மடியைச் சும்மா விடுவதே நல்லது.

கடைசியாக ஓய்வு. சினைப்பை அமைதியாக இருக்கும், கருப்பை தன் உள்சுவரைச் செப்பனிட்டுக்கொள்ளும். இது சராசரியாக நாலைந்து மாதம். ஆனால் நாய்க்கு நாய் மிகவும் மாறுபடும். முதல் மூன்று கட்டங்களையும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று மாதம். சுழற்சி ஐந்து மாதமா பத்து மாதமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஓய்வுக் காலம்தான்.

ஆறு மாசம் என்பது யாருடைய கணக்கு?

பல இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஹீட்டுக்கும் அடுத்த ஹீட்டுக்கும் இடையே சராசரி ஏழு மாதம். 5 முதல் 12 மாதம் வரை எதுவும் இயல்புதான். ஆக, ஆறு மாசத்தில் சரியாக வரும் நாய் பலவற்றில் ஒன்று, அவ்வளவே.

இனத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நாலரை, ஐந்து மாதத்திலேயே வருவது சகஜம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பசென்ஜிக்கும், திபெத்திய மாஸ்டிஃபுக்கும் வருஷத்துக்கு ஒரே தடவைதான். ஓநாய்க்கும் ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கும் அப்படித்தான், வருஷம் ஒருமுறை. வீட்டு நாய் அந்தப் பருவகாலக் கட்டுப்பாட்டிலிருந்து பெருமளவு விலகிவந்துவிட்டது. முழுசாக விலகவில்லை என்பதற்குத் தெருவே சாட்சி. மேற்கு வங்கத்தில் தெருநாய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், பெரும்பாலான குட்டிகள் குளிர்காலத்தை ஒட்டியே பிறப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வயதும் முக்கியம். சின்ன இனங்களுக்கு ஆறேழு மாத வயதில் முதல் ஹீட் வந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது, சில சமயம் இரண்டு வயதுவரைகூட ஆகும். முதல் இரண்டு மூன்று தடவை இடைவெளி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். இரண்டு வயதுக்குப் பிறகுதான் நாய்க்கென்று ஒரு கணக்கு படியும். வயதான பிறகு இடைவெளி நீளும். ஆனால் மனிதர்களுக்கு வருவதுபோல மாதவிடாய் நின்றுபோகும் காலம் என்று ஒன்று நாய்க்குக் கிடையாது. பன்னிரண்டு வயதுக் கிழவிக்கும் ஹீட் வரும்.

அதனால் "ஒழுங்கில்லை" என்று சொல்ல, எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வி வருகிறது. என் நோட்டில் செவலையின் இடைவெளிகள் இவை: 8 மாதம், 7 மாதம், ஏழரை மாதம், 7 மாதம். அடுத்த தடவை ஆறு மாதத்தில் வந்தாலோ எட்டரைக்குத் தள்ளினாலோ நான் அலட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நாலு மாதத்தில் வந்தாலோ, பதினோரு மாதமாகியும் வராவிட்டாலோ கேட்பேன். பதினோரு மாதம் என்பது புத்தகக் கணக்கில் இயல்புதான், ஆனால் அவளுடைய கணக்கில் இல்லை.

உண்மையில் கணக்கு தப்பும்போது

இனி, மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வந்து, நின்று, மறுபடி வருவது. இளம் நாய்களில் சர்வ சாதாரணம், அதிலும் பெரிய இனங்களில். முன்பருவம் ஆரம்பித்து, வீங்கி, ரத்தம் வந்து, முட்டை வெளிவராமலேயே எல்லாம் அடங்கிவிடும். சில வாரம் கழித்து மறுபடி ஆரம்பித்து இந்த முறை ஒழுங்காக முடியும். இதைப் பிளவு ஹீட் என்பார்கள். தனியே வைத்தியம் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் தடவை அடங்கியதும் "முடிந்தது" என்று நாயை வெளியே விட்டால், இரண்டாவது தடவைதான் அசல் என்பது குட்டி வந்தபின் தெரியும்.

சத்தமில்லாமல் வருவது. ஹீட்டே வரவில்லை என்று நாம் நினைப்போம். உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ரத்தம் மிகக் குறைவாக இருக்கும், நாய் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துவிடும், அடர்ந்த முடியில் வீக்கமும் தெரியாது. "எங்க நாய்க்கு ஒன்றரை வருஷமா வரவே இல்லை" என்று வருகிற நாய்களில் கணிசமானவை இந்த வகைதான். மாதம் ஒரு தடவை ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் பார்த்தால் தெரிந்துவிடும். அளவு உயர்ந்திருந்தால் அண்மையில் முட்டை வெளிவந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடிக்கடி வருவது. நாலு மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் தொடர்ந்து வந்தால் கவனிக்கணும். சினைப்பை தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், கருப்பைச் சுவர் ஆறி முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுவதால் கரு தங்குவதில்லை. குட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இது பெரிய சிக்கலில்லை. குட்டி எடுக்க நினைப்பவர்கள் ஆண் நாயைக் குறை சொல்வதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்க்கணும்.

வராமலே இருப்பது. இரண்டு வயது முடிந்தும் ஒரு தடவைகூட வரவில்லை, அல்லது வந்துகொண்டிருந்த நாய்க்கு ஒரு வருஷத்துக்கு மேல் நின்றுபோனது. இதற்குக் காரணப் பட்டியல் நீளம். தத்தெடுத்த நாயாக இருந்தால் முதலில் கேட்கவேண்டியது, ஏற்கெனவே கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பது. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அறுவை செய்த தெருநாய்களுக்குக் காதில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். காதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். தோல் அரிப்புக்காக நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் சினைப்பைக் கட்டி, சத்துக் குறைவு, நாள்பட்ட நோய், இவையும் காரணமாகலாம்.

நிற்காமல் நீள்வது. முன்பருவமும் பருவமும் சேர்ந்து ஒரு மாதத்தைத் தாண்டி, ஆறு வாரத்தை நெருங்கினால் ஈஸ்ட்ரோஜன் இறங்கவே இல்லை என்று சந்தேகப்படலாம். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம், வயதான நாயில் புற்றுக்கட்டியும் இருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் நாயின் எலும்பு மஜ்ஜையை முடக்கி ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். சில வீடுகளில் காரணம் நாயிடமே இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்கள் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் மருந்தை மடியில் படுக்கும் நாய் நக்கியிருக்கும்.

ஆபரேஷன் ஆன பிறகும் வருவது. சினைப்பையின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டால், சில மாதமோ சில வருஷமோ கழித்து நாய் மறுபடி ஹீட்டுக்கு வரும். கற்பனை இல்லை, பரிசோதனையில் உறுதி செய்யக்கூடியது. அந்தத் துணுக்கைத் தேடி எடுப்பதுதான் வழி.

ஹீட் மாதிரித் தெரிவது, ஹீட் இல்லாதது

ரத்தம் சொட்டினாலே ஹீட் என்று எடுத்துக்கொள்வதில்தான் நம் ஊரில் அதிகம் தவறுகிறது. நம் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கும் ஒரு நோய், கலவியால் பரவும் நாய்ப் புற்றுக்கட்டி. பிறப்புறுப்பின் உள்ளே காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரத்தம் சொட்டும். "எப்பப் பாரு ஹீட்லயே இருக்கு" என்று சொல்லப்படும் தெருநாய்களில் பல இந்தக் கட்டியோடு அலைபவை. இந்தப் புற்றுக்கு ஒரு விசித்திர வரலாறு உண்டு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள்தான், நாய்விட்டு நாய் தாவி, இன்றுவரை உலகமெங்கும் உயிரோடு இருக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்களுக்கு முழுசாகக் குணமாகிவிடும்.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்தச் சமயம் ஹீட்டும் வந்தால் கசிவு வழக்கத்தைவிட அதிகமாக, நீண்ட நாள் போகும். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா, மூக்கில் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் இப்படி ரத்தம் நிற்காமல் போகலாம். சிறுநீர்த் தொற்றிலும் ரத்தம் வரும்.

பயப்பட வேண்டிய இரண்டு மாதம்

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

பின்பருவத்தின் புரோஜெஸ்ட்ரோன், வராத குட்டிகளுக்காகக் கருப்பையைத் தயார் செய்கிறது. சுவர் தடிக்கும், சுரப்பிகள் திரவம் சுரக்கும், கருப்பையின் வாய் மூடும், கருவை வெளியே தள்ளிவிடாதபடி தசைகள் தளரும், உள்ளே நோய் எதிர்ப்பும் குறையும். கருவுக்கு இது சொர்க்கம். பாக்டீரியாவுக்கும் அப்படித்தான். ஹீட்டின்போது திறந்திருந்த வாய் வழியாக உள்ளே போன ஈ.கோலை போன்ற கிருமி அங்கே பெருகினால் கருப்பை முழுக்கச் சீழ் நிரம்பும். பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்லும் கருப்பைச் சீழ் நோய் இது. ஒவ்வொரு சுற்றிலும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வருவதால், வயதாக ஆக ஆபத்து கூடும். நடுவயது தாண்டிய, குட்டி போடாத நாய்களில் அதிகம்.

எவ்வளவு அதிகம்? ஸ்வீடனில் நாய்களுக்கு வழக்கமாகக் கருத்தடை செய்வதில்லை என்பதால் அங்குள்ள காப்பீட்டுப் பதிவுகள் இதற்கு நல்ல சான்று. அவற்றின்படி, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு இந்த நோய் வருகிறது.

பெரும்பாலும் ஹீட் முடிந்து இரண்டு வாரம் முதல் இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் தெரியவரும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வளர்க்கும் லேப்ரடாருக்கு ஆறு வயது. ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, இவளுக்கு மறுபடியும் ஹீட் வந்துடுச்சு போல. போன தடவை வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. வயசாயிடுச்சுல்ல, கணக்கு மாறுது" என்றார். தரையில் இருந்த கறை செம்பழுப்பு நிறம், நாற்றம் வேறு. தண்ணி எவ்வளவு குடிக்குது என்று கேட்டேன். "ரெண்டு நாளா கிண்ணம் கிண்ணமா குடிக்கிறா, சோறுதான் தொடலை" என்றார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். கருப்பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்து கறை தெரிந்ததால் வந்த அதிர்ஷ்டம் அது.

வாய் முழுக்க மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது. சீழ் உள்ளேயே தங்கி, நஞ்சு ரத்தத்தில் கலக்கும், கருப்பை வெடிக்கவும் கூடும். அதனால் கறையை மட்டும் நம்பாமல் இவற்றைப் பாருங்கள்: வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர், சோறு மறுப்பது, சோர்வு, வாந்தி, வயிறு உப்புவது. காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஹீட் முடிந்து இரண்டரை மாதத்துக்குள் இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகணும், "கடைசி ஹீட் இந்தத் தேதி" என்று முதல் வரியிலேயே சொல்லணும். பெரும்பாலும் தீர்வு, நாயை நிலைப்படுத்திவிட்டு சினைப்பையோடு கருப்பையை எடுத்துவிடுவதுதான். இதே காலத்தில் தாகம் மட்டும் கூடினால் சர்க்கரை நோயும் காரணமாகலாம். புரோஜெஸ்ட்ரோன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும் என்பதால் பெண் நாய்க்குச் சர்க்கரை நோய் ஹீட்டுக்குப் பிறகு வெளிப்படுவது உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாகம் மருத்துவர் பார்க்க வேண்டியது.

"ஹீட்டை நிறுத்த ஒரு ஊசி"

வீட்டில் விசேஷம், ஊருக்குப் போகணும், வாசலில் ஆண் நாய்க் கூட்டம் தாங்கலை என்று ஹீட்டைத் தள்ளிப்போட ஊசியோ மாத்திரையோ கேட்பவர்கள் உண்டு. இவை பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்துகள். கருப்பைச் சீழ் எப்படி வருகிறது என்று மேலே படித்தவர்களுக்கு, வெளியிலிருந்து இன்னும் புரோஜெஸ்ட்ரோன் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. தெரியாமல் சேர்ந்துவிட்டது, குட்டி வேண்டாம் என்று போடப்படும் ஈஸ்ட்ரோஜன் ஊசியும் அதே ஆபத்தைக் கூட்டும், மஜ்ஜையையும் பாதிக்கலாம். கருவைக் கலைக்க இப்போது வேறு மருந்துகள் உண்டு, எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லணும். மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை ஆபரேஷன் இந்தக் கவலைகளில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாக முடித்துவைக்கும். ஹீட் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து, ஓய்வுக் காலத்தில் செய்வது நல்லது என்பது பொதுவான கருத்து. ஹீட் சமயத்தில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். பின்பருவத்தில் செய்தால் ஹார்மோன் சட்டென்று இறங்கிப் பொய்ச்சினை நீளலாம். எந்த வயதில் என்பது இனத்தையும் உடல்வாகையும் பொறுத்தது. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு.

பரிசோதனையில் என்ன தெரியும்?

சந்தேகம் வந்தால் மருத்துவர் பார்ப்பது மூன்று. பஞ்சுக் குச்சியால் உள்சுவரைத் தொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது முதலாவது. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற உருண்டையான செல்கள் தட்டையாகி, ஓரம் மடிந்த செதில் மாதிரி ஆகும். கிட்டத்தட்ட எல்லாமே செதிலாக இருந்தால் நாய் பருவத்தில் இருக்கிறது. எளிய சோதனைதான், நாய்க்கு வலியும் இல்லை.

இரண்டாவது புரோஜெஸ்ட்ரோன் ரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே என்றால் ஓய்வு அல்லது முன்பருவம். 2ஐ ஒட்டி வந்தால் எல்.ஹெச் உயர்ந்திருக்கிறது. 5ஐ ஒட்டி வந்தால் முட்டை வெளிவரும் நேரம். பின்பருவத்தில் இது 15ஐத் தாண்டிப் பல மடங்கு போகும். குட்டி எடுக்க நினைப்பவர்கள் "பதினோராம் நாள், பதிமூன்றாம் நாள்" என்று விரல் விட்டு எண்ணுவதைவிட இந்த எண்ணை நம்பலாம். ஏழாம் நாளிலேயே முட்டை வெளிவரும் நாயும் உண்டு, இருபதைத் தாண்டும் நாயும் உண்டு.

மூன்றாவது ஸ்கேன். கட்டியா, சீழா, குட்டியா என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டில் என்ன எழுதணும்?

பரிசோதனைக்குக் காசு செலவாகும். நோட்டுக்கு ஆகாது. நான் எழுதுவது ஆறே வரி:

முதல் ரத்தம் கண்ட தேதி. (நடுவில் இருந்து எண்ணினால் கணக்கு நிற்காது.)
கசிவு வெளுத்த தேதி.
வாலை ஒதுக்க ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி.
ஆண் நாயோடு சேர்ந்திருந்தால் அந்தத் தேதி.
அந்தச் சமயம் கொடுத்த மருந்துகள்.
வீக்கம் முழுக்க வற்றிய தேதி. அதிலிருந்து எண்ணி, இரண்டரை மாதம் கழித்து வரும் தேதியையும் பக்கத்திலேயே எழுதி ஒரு வட்டம் போட்டுவிடுவேன்.

அந்த வட்டம் வரைக்கும் செவலையின் தண்ணிக் கிண்ணத்தைக் காலையும் மாலையும் ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். ரத்தம் தெரியாமல் போகும் நாயாக இருந்தால் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவையுங்கள், அல்லது தினமும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய் இருந்தால் தனித்தனிப் பக்கம் போடுங்கள். ஒன்றுக்கு வந்தால் சில நாளில் மற்றதுக்கும் வருவதுண்டு, எது யாருடையது என்று குழம்பிவிடும்.

இரண்டு மூன்று சுற்று எழுதிவிட்டால் உங்கள் நாயின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். ஏதாவது சந்தேகம் வந்து மருத்துவரிடம் போகும்போது "ரொம்ப நாளா சரியில்லை டாக்டர்" என்று சொல்வதற்குப் பதில் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்கும் உடனே தெரியும்.